வாசனைக் கட்டம்

"எங்க பிள்ளை, அப்பா வரேல்லையே?"

நல்லா வந்ததா அக்கா, என் வாயில் உங்க குரல்? காலையில் இப்படித்தான் கேட்டீங்க. நான் பதில் சொல்லாமல் கோட்டைக் கழற்றி உங்கள் மேசையில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். இப்போது சொல்கிறேன். மேலே எல்லாம் முடிந்துவிட்டது. ரயிலுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. இந்த மத்தியான நேரத்தில் நூலகத்தில் யார் வந்து உங்களிடம் கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போகிறார்கள், உட்காருங்க.

அப்பா இறந்துவிட்டார். ஜூன் பதினொன்று. இங்கேதான், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். நுரையீரல்.

நீங்க அழ வேண்டாம் அக்கா. நானே அழவில்லை. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. ராணிப்பேட்டையில் வீடு நிறைய ஆட்கள், அம்மா என் தோளைக் கிள்ளி, "ஒரு சொட்டாவது விடுடி ஹேமா, ஜனங்க பாக்குறாங்க" என்றாள். நான் அதே குரலில், "ஜனங்க பாக்குறாங்க" என்றேன். ஒரு அறை விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. கன்னம் மட்டும் இல்லை, கால் கட்டைவிரல் வரைக்கும்.

குரல் எடுப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. பத்தாவதில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் பேசி, மூன்றாவது பீரியடில் பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு அனுப்பினேன். ஆயிரத்து நூறு பிள்ளைகள், பஸ் எல்லாம் வந்து நின்றுவிட்டது. காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பு வரும். எங்கள் தெரு மீன்காரம்மா வரும். உங்க குரல் ஏப்ரலில் முதல் நாளே வந்துவிட்டது, மரியாதைக்காக வெளியே எடுக்காமல் வைத்திருந்தேன்.

அப்பா குரல்தான் எல்லாவற்றிலும் சுலபம். மூக்கும் தொண்டையும் சேர்ந்த குரல். அந்தக் குரலைப் பற்றித்தான் மேலே ஹெல்கா மேடத்திடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

அப்பா இங்கே என்ன வேலை செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது இல்லையா? உயரமான ஆள், பழுப்புக் கோட்டு, இருமல், அவ்வளவுதான் தெரியும். அவர் போட்டோகிராபர் அக்கா. கல்யாணத்துக்கு எடுக்கிறவர் இல்லை. பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. முதலில் சென்னையில் ஓலைச்சுவடி எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே பார்த்துத்தான், பழைய புத்தகங்களை ஆராய்ந்து நூல்பட்டியல் போடுகிற ஹெல்கா மேடம் இந்தக் குளிர் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்சிக்காரர்களின் வழிபாட்டுப் புத்தகங்கள். "நெருப்பைக் கும்பிடுவாங்களே, அவங்களாப்பா?" என்று கேட்டேன். "நெருப்புக்கு முன்னாடி நின்னு கும்பிடுறாங்க. நாம தீபாராதனைக்கு முன்னாடி நிக்கிறோம், தீபத்தையா கும்பிடுறோம்?" என்றார். சூரத்திலும் நவ்சாரியிலும் எழுதிய புத்தகங்களை அந்தக் காலத்தில் யார் யாரோ வாங்கிக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார்கள். ஒன்று இந்த ஊரில், இரண்டு அந்த ஊரில் என்று கிடக்கிறது. அப்பா ரெண்டு வருஷத்தில் நாலு ஊர் நூலகத்தில் பத்துப் புத்தகம் முடித்திருந்தார். இது பதினொன்றாவது. இருநூற்று எண்பது ஏடு.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் என்னை இங்கே அனுப்பினாள் அம்மா. "அந்த மனுஷன் போன்ல இருமுறதே சரியில்ல. நீ போய்ப் பக்கத்துல இரு. வாயை மூடிக்கிட்டு இரு." அதனால் ஏடு புரட்டுகிற வேலை எனக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, வெறும் விரலால் புரட்ட வேண்டும். அந்தப் புத்தகம் வலது பக்கத்திலிருந்து தொடங்கும். முதல் நாள் நான் பின்னாலிருந்து ஆறு ஏடு புரட்டிவிட்டேன். அப்பா, "உனக்கு முன்னாடி நான் நாற்பது ஏடு அப்படிப் பண்ணியிருக்கேன், போ" என்றார்.

படம் எடுப்பதோடு முடியாது அக்கா. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து கட்டம் உண்டு. எத்தனை வரி, சிவப்பு மை எங்கே, ஓட்டை எத்தனை, தாள் எப்படி, ஐந்தாவது வாசனை. சிரிக்காதீங்க, வாசனைதான். எழுதிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று ஒரு சின்ன ரிக்கார்டரில் பேசிக்கொண்டே போவார். இங்கிலீஷில்தான், ஆனால் எங்கள் ஊர் இங்கிலீஷ். கேளுங்க.

"ஃபோலியோ நைன்ட்டி ஃபோர், பேக் சைடு. லைன்ஸ், ஃபிஃப்டீன். ரெட் இங்க், லைன் டூ. ஹோல்ஸ், த்ரீ, ஸ்மால். பேப்பர், குட். ஸ்மெல், நில்."

இதுதான் அவர். அச்சாக இதுதான். "ஸ்மெல், நில்" என்று, அதாவது வாசனை ஒன்றும் இல்லை என்று, சொல்லும்போது கடைசியில் ஒரு சின்ன பெருமூச்சு வரும், அதையும் சேர்த்தேன், கவனித்தீங்களா?

அந்த ஐந்தாவது கட்டம் ஹெல்கா மேடம் வைத்தது. அந்த அம்மா இங்கிலீஷ் பேசுவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். "பூசாரிகள். இதை. மனப்பாடமாக. ஓதுவார்கள். புத்தகம். தேவையே. இல்லை." ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகத் தட்டில் வைத்துக் கொடுப்பார். வழிபாட்டு நெருப்பில் சந்தனக்கட்டை போடுவார்களாம். ஒரு பக்கத்தில் சந்தன வாசனை இருந்தால், அந்தப் பக்கத்தை யாரோ நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். மனப்பாடமாகத் தெரிந்த ஆளுக்கு அந்த இடத்தில் மட்டும் ஏன் புத்தகம் தேவைப்பட்டது? அந்த வரிகளில் என்ன தடுமாற்றம்? இருபது வருஷமாக மேடத்துக்கு இதுதான் கேள்வி. கேமராவுக்கு மூக்கு இல்லை. அதனால்தான் கையால் புரட்டி, குனிந்து பார்க்கிற ஆள் வேண்டும் என்று அப்பாவை வைத்திருந்தார். படம் மட்டும் என்றால் மெஷின் போதும். எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்.

மூடி வைத்த புத்தகத்தில் வாசனை இருநூறு வருஷம் கூட இருக்குமாம். எனக்கும் நம்பிக்கை இல்லை. நூற்றுப் பன்னிரண்டாவது ஏடு வரைக்கும்.

ஏப்ரல் கடைசி. நூற்றுப் பன்னிரண்டின் பின்பக்கம். நான் புரட்டினேன். அப்படியே எழுந்தது அக்கா. ஸ்ப்ரே மாதிரி இல்லை. சந்தனக்கட்டையைக் கல்லில் உரைத்து முடித்து, அந்தக் கல்லைக் கழுவாமல் வைத்திருந்தால் மறுநாள் ஒரு வாசனை வரும், அது. அதோடு கொஞ்சம் புகை. எனக்குக் கை நின்றுவிட்டது.

"அப்பா, சந்தனம்ப்பா. மோந்து பாருங்க."

குனிந்தார். ஒரு தரம் இழுத்தார். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் ரொம்ப நேரம் இழுத்தார், இருமல் வந்துவிடுமோ என்று நான் புத்தகத்தை நகர்த்தப் போனேன். நிமிர்ந்து ரிக்கார்டரைப் பார்த்தார்.

"ஸ்மெல், நில்."

"அப்பா, நெஜமாவே வருதுப்பா."

"வேலையைப் பாரு ஹேமா. உன் சேட்டையெல்லாம் இங்க வேணாம்."

வாழ்க்கையில் நான் சொன்ன நிஜங்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அதில் ஒன்றைச் சொல்கிறேன், சேட்டை என்கிறார். தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பக்கத்தில் வளர்ந்த மூக்குக்கு வேறு என்ன தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். ராணிப்பேட்டைக்காரர்களை எல்லோரும் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை நான் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன். அவர் தீய்ந்த சோற்றைப் பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

சரி, சேட்டைதானே, சேட்டையே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு இருமல் வந்தால் துளி தாளில் படும் என்று அறையை விட்டு வெளியே ஓடுவார். இங்கே கீழே வந்து உங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரே, அப்போது. போகும்போது, "நீ படம் மட்டும் எடு, குரலை நான் வந்து சேர்த்துக்கறேன்" என்பார். நான் படமும் எடுத்தேன், குரலும் சேர்த்தேன்.

"ஃபோலியோ ஒன் தர்ட்டீன், ஃப்ரன்ட் சைடு. லைன்ஸ், ஃபிஃப்டீன். ஹோல்ஸ், நில். பேப்பர், குட். ஸ்மெல், சாண்டல், மைல்டு."

அப்புறம் சாண்டல், ஸ்ட்ராங். சாண்டல் வித் ஸ்மோக். ஒரு நாள் சாண்டல், வெரி ஓல்டு. நாலு பக்கம் நில் சொல்லி ஒரு பக்கம் சாண்டல் போடுவேன், ஒரேயடியாகப் போட்டால் மாட்டிக்கொள்வோம் இல்லையா. வரி, மை, ஓட்டை எல்லாம் சரியாகவே சொன்னேன். ஐந்தாவது கட்டம் மட்டும் என் இஷ்டம்.

அவர் கண்டுபிடிக்கவே இல்லை அக்கா. அதுதான் இதில் பெரிய விஷயம். தினமும் ராத்திரி காதில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்க்கிற ஆள் அவர். அவர் சொல்லாததை அவர் குரலே சொல்கிறது, தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறார். வந்து சேர்த்துக்கொள்கிறேன் என்றவர் ஒரு நாளும் சேர்க்கவில்லை, மாத்திரையில் மறதி போலிருக்கிறது. நாளாக ஆக இருமல் கூடியது, வெளியே போனால் சீக்கிரம் திரும்பமாட்டார். முதலில் பத்து நிமிடம், அப்புறம் முக்கால் மணி. மே மாதம் ரிக்கார்டரை என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார். "பேட்டரி மட்டும் பாத்துக்க" என்பார். எனக்கு அல்வா மாதிரி.

ஒரு நாள் ராத்திரி காதிலிருந்து கழற்றிவிட்டு, "புகையோட வருதா?" என்று கேட்டார். "என்னது?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று படுத்துவிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ தூக்கக் கலக்கத்தில் உளறியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மே மாதக் கடைசியில் ஹெல்கா மேடம் ஓட்டமாக வந்தார். அந்த அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பத்துப் புத்தகத்தில் நில் நில் என்று சொன்ன மனிதர், பதினொன்றாவதில் இத்தனை இடத்தில் சந்தனம் என்கிறார். அப்படியானால் இந்தப் புத்தகம் தனி. இந்தப் புத்தகம் நெருப்புக்குப் பக்கத்தில் வாழ்ந்த புத்தகம். கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டாராம். "தணிகைவேல். உங்கள். மூக்கு. ஒரு. பொக்கிஷம்." அப்பா பேரை அவர் அப்படி ஒரு தப்பும் இல்லாமல் சொல்வார், ழகரம் மட்டும் இல்லாததால் தப்பித்தார். நூல்பட்டியல் அச்சாகும்போது அட்டையில் தன் பெயருக்குக் கீழே அப்பா பெயரும் வரும் என்றார். அக்கா, முப்பது வருஷம் படம் எடுத்திருக்கிறார் அப்பா. சென்னையில் எத்தனையோ புத்தகம் வந்தது. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. அப்பா மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. வெட்கம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் படியில் விழுந்தார். நீங்கள்தானே ஆம்புலன்சுக்கு போன் செய்தீங்க. அதற்கப்புறம் பதினோரு நாள். பேச முடியவில்லை, வாயில் குழாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்பாடி ஸ்டேஷன் அறிவிப்பு எல்லாம் செய்து காட்டினேன். கண்ணால் சிரித்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு தரம் வாய் வரைக்கும் வந்தது. நர்ஸ் வந்துவிட்டாள்.

ஊரில் பதினாறாம் நாள் காரியம். அம்மா சாம்பிராணி போட்டாள், வீடு முழுக்கப் புகை. யாரோ, "போதும், மூச்சு முட்டுது" என்றார்கள். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த மனுஷனுக்கு எங்க முட்டப் போகுது. ரெண்டு வருஷமா மூக்குல எதுவும் ஏறாது. அங்க போறதுக்கு முன்னாடி வந்த காய்ச்சல்ல போனது, திரும்பவே இல்ல. மேடத்துக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல" என்றாள்.

நான் சாம்பிராணித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு ஏறி விரலில் கொப்புளம் வந்துவிட்டது. இதோ, தழும்பு.

கணக்கு சுலபம் அக்கா. ரெண்டு வருஷம், பத்துப் புத்தகம், நாலு ஊர். அத்தனை பக்கத்திலும் ஐந்தாவது கட்டம் நில். புத்தகத்தில் வாசனை இல்லாததால் அல்ல. இது தெரிந்தால் மீதி நாலு கட்டத்தையும் யார் நம்புவார்கள்? அட்டையில் பெயரை யார் போடுவார்கள்?

போன வாரம் மேடம் டிக்கெட் அனுப்பினார். அப்பா குரல் பதிவுகளைப் பயன்படுத்த வாரிசு கையெழுத்துப் போட வேண்டுமாம், அதோடு அப்பா பொருள்களையும் எடுத்துப் போகச் சொன்னார். அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, நான் வந்தேன். விமானத்தில் முடிவு செய்துவிட்டேன். நான் செய்ததை நான் சொல்லிவிடுவேன். அப்பாவுடையதைத் தொட மாட்டேன்.

இன்றைக்குக் காலையில் சொன்னேன். நூற்றுப் பதிமூன்றிலிருந்து சந்தனம் எல்லாம் என் குரல், எல்லாம் பொய் என்று. மேடம் நம்பவில்லை. "இது. உன். துக்கம்." என்றார். நான் செய்து காட்டினேன். ஃபோலியோ ஒன் தர்ட்டீன் என்று தொடங்கியதும், நிறுத்து என்று கையைக் காட்டினார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கட்டுரை போயிற்று, இருபது வருஷக் கேள்வி போயிற்று, எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் இல்லையா? மேசையில் எத்தனை பென்சில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது.

திரும்பி வந்து ஒரு பதிவைப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு, பின்பக்கம். அப்பா மூச்சு இழுக்கிறது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு முன்னால் என் குரல், என் சொந்தக் குரல், சந்தனம்ப்பா என்று. ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த அம்மா சமஸ்கிருதம் படித்தவர். சந்தனம் அவருக்குத் தெரியும்.

"இது யார்?"

"நான்தான்."

"இங்கே சந்தனம் இருந்ததா?"

பாருங்க அக்கா, அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. இருந்தது என்று சொன்னால் மேடத்துக்கு அந்த ஒரு பக்கமாவது மிஞ்சும். நானும் ஒரு இடத்தில் நிஜம் பேசியவள் ஆவேன். ஆனால் மூன்று தரம் இழுத்துப் பார்த்து இல்லை என்று சொன்ன அப்பா என்ன ஆவார்?

"இல்லை" என்றேன். "அங்கேயே விளையாட்டை ஆரம்பிச்சுட்டேன்."

"உன் அப்பா சொன்னதுதான் சரி?"

"ஆமா."

"நிச்சயமாக?"

"அப்பாவை ஏமாத்த முடியாது மேடம்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை, அதில் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், போன குளிர்காலத்தில் தன் அறையில் அப்பாவுக்குக் காப்பி கொடுத்த கதையைச் சொன்னார். பால் கெட்டுப்போயிருந்ததாம். மூக்கருகே கொண்டுபோகும்போதே மேடத்துக்குக் குமட்டியதாம். அப்பா முழுக் கோப்பையும் குடித்துவிட்டு நன்றி சொன்னாராம். "அவர் ரொம்ப மரியாதைக்காரர் மேடம்" என்றேன். "ஆமாம்" என்றார். "நானும். அப்படித்தான். நினைத்தேன்."

நம்பிவிட்டார் அக்கா. எனக்கே ஆச்சரியம்.

ஆனால் என்ன பிரயோஜனம்? காகிதத்தை எடுத்துவைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். அச்சுக்குப் போகிற நூல்பட்டியலின் அட்டையில் அப்பா பெயர் அப்படியே இருக்கிறது, பார்த்தேன். பென்சிலை எடுத்து, அந்த ஐந்தாவது கட்டத்தின் மேல் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். நான் விளையாடிய புத்தகத்துக்கு மட்டும் இல்லை. பதினொரு புத்தகத்துக்கும். எதிலும் வாசனை என்ற கட்டமே வராதாம். ஏன் மேடம் என்று கேட்டேன். பக்கம் போதவில்லையாம், அச்சகத்தில் இடம் குறைக்கச் சொல்கிறார்களாம். தலையணை மாதிரி புத்தகம், அதில் நில் என்று போட இடம் இல்லையாம். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இதையெல்லாம் விமானம் முழுக்க ஒத்திகை பார்த்திருக்க வேண்டாம் இல்லையா? ஒரு நிஜம் வைத்திருந்தேன், அதுவும் வீணாகப் போனது.

கதவு வரைக்கும் வந்து, போய் வருகிறேன் என்று சொல்லத் திரும்பினேன். அந்தப் புத்தகத்தை வரவழைத்து மேசையில் வைத்திருந்தார் போல, திறந்து வைத்துக் குனிந்திருந்தார். பாதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளுக்கு ஒரு விரல் இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு, அசையாமல் படித்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்து பொடி எழுத்து, அவருக்கும் வயசாகிவிட்டது. தொந்தரவு செய்யவேண்டாம் என்று சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.